அம்சா தனியாகத் தின்ன ஒரு ஓடு

1

இந்தக் கதை ஒரு டப்பாவில் இருந்து பிறந்தது. போன மாதம் என் மருமகள் மருந்துக் கடையில் வாங்கி வந்தாள். பளபளவென்று பச்சை டப்பா. மேலே, பெண்களுக்கான மூலிகை ஆன்டிஆக்சிடன்ட் என்று போட்டிருந்தது. "இதைத் திண்டிவனத்தில் எண்பத்து நாலாம் வருஷமே தையல்நாயகி செய்தாள், நான் அழுத்திக் கொடுத்தேன்" என்றேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலைக் குடையைக் காட்டி நிறுத்தினேன் என்று சொன்னபோதும் இதே பார்வைதான் பார்த்தாள். (நிறுத்தியது உண்மை. அது நிற்க வேண்டிய ரயில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.)

ஆகவே எழுதி வைக்கிறேன். படிக்கிற உங்களுக்கு ஒரு வசதி செய்து தருகிறேன். இந்தக் கதையில் பொய்கள் எல்லாம் கற்பூரம், எருமை, கொழுந்தன் இந்த மூன்றின் பக்கமாக நிற்கும். தையல்நாயகி பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அவளைப் பற்றியும் கொஞ்சம் அளக்கலாம் என்று முயன்றேன். அவள் செய்ததே போதுமான அளவுக்கு நம்ப முடியாமல் இருப்பதால் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

திண்டிவனத்து வானத்தில் அன்று கருமேகங்கள் சூழ்ந்து, யாரோ ஒருத்தியின் துயரத்தை—

அடித்துவிட்டேன். அன்று மேகம் இல்லை. சித்திரை மாதம். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது.

இரண்டாவது ஆரம்பம்:

பெண்ணின் உடல்நலம் என்பது ஒரு சமூகத்தின்—

இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பித்தால் கடைசியில் மாவட்ட ஆட்சியரை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நடந்தபடியே: சுப்பராயலு என்கிற எனக்கு அப்போது திண்டிவனத்தில் ஒரு கற்பூர வில்லைப் பட்டறை இருந்தது. கற்பூரத் தூளை அச்சில் கொட்டி, கைப்பிடியை இழுத்தால் வில்லை விழும். ஒரு நாள் மத்தியானம் தையல்நாயகி வந்து அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து, மேலதிகாரி சொன்ன ஏதோ ஒரு கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டவள்.

"அண்ணா, இதுல கற்பூரந்தான் போடணும்னு எதுனா சட்டம் இருக்குதா?"

"இல்லம்மா. எது போட்டாலும் வில்லையாத்தான் வரும். என் மாமியாரைப் போட்டாலும் வரும்."

"அப்ப பின்னாடி இருக்கிற ஷெட்டைக் குடுங்க. நான் பொடி கொண்டாரேன். நீங்க வில்லை போட்டுக் குடுங்க."

என்ன பொடி என்று கேட்டேன். அவள் வேறொரு கேள்வி கேட்டாள்.

"வாழைப்பூவை நறுக்கினா உடனே ஏன் மோர்த்தண்ணியில போடறாங்க?"

"கறுத்துப்போவும்."

"காத்து பட்டுக் கறுக்குது. நம்ம ஒடம்புக்குள்ளயும் அந்த மாதிரி ஒரு கறுப்பு நடந்துக்கினே இருக்குதுண்ணா. அதைத் தடுக்கிற சரக்கு நெல்லிக்காயில இருக்குது, முருங்கை எலையில இருக்குது, கறிவேப்பிலையில இருக்குது. அதுக்குப் பேரு ஆன்டிஆக்சிடன்ட்டு."

"அப்ப மோரு?"

"மோருக்கு யாரும் அந்தப் பேரு வெக்கல. அவ்ளோதான்."

3

யாருக்காக இதெல்லாம் என்று சொல்லிவிட வேண்டும். கதையில் இதைப் பாதி வழியில் சொன்னால் சுவாரஸ்யம் என்பார்கள். எனக்கு அந்த ஒளிவுமறைவு பிடிக்காது.

தையல்நாயகியின் அக்கா அம்சா. கிளியனூரில் வாழ்க்கைப்பட்டவள். கொஞ்சம் நிலம், ஒரு எருமை, கணவன் பச்சைமுத்து, கல்யாணமாகாத கொழுந்தன் அரங்கநாதன். அம்சாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டிக் கொட்டி, வெளுத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டாள். களத்துமேட்டில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவாள். கட்டியை எடுத்தாக வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா லூர்துமேரி. ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது.

"பத்துக்காவது வரட்டும். அப்பத்தான் கத்தி வெப்பேன்" என்றார் டாக்டரம்மா. "ஏழுல வெச்சா டேபிள்லயே போயிடுவா. லேட் பண்ணினாலும் போயிடுவா. ஜல்தியா ஏத்துங்க."

ரத்தம் ஊற இரும்புச்சத்துச் சிவப்பு மாத்திரை கொடுத்தார். அதோடு நெல்லிக்காய் சேர்ந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தையல்நாயகி என் ஷெட்டுக்கு வந்தாள்.

விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை மூட்டையாக நெல்லிக்காய் கொண்டுவந்தாள். நிழலில் காய வைத்தாள். முருங்கை, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை என்று தனித்தனியாக இடித்துச் சாறு எடுத்தாள். எந்தச் சாற்றில் எவ்வளவு வீரியம் என்று பார்க்க அவளிடம் மெஷின் கிடையாது. ஒரு தார் வாழைக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சாற்றைத் தடவி, ஷெட் முழுக்கப் பலகையில் அடுக்கி வைத்தாள். எது சீக்கிரம் கறுக்கிறது, எது வெள்ளையாகவே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடப்பாள். பரீட்சை ஹாலில் வாத்தியாரம்மா நடக்கிற மாதிரி. நெல்லியையும் கறிவேப்பிலையையும் ஒரு குறிப்பிட்ட பக்குவத்தில் கலந்து தடவிய வட்டம் சாயங்காலம் வரை வெள்ளையாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு இருக்கிறதே, உலகத்தில் எந்தப் பரிசு வாங்கியவரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

(இந்தப் பத்தியில் பொய் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வாழைக்காய் வாங்குங்கள்.)

4

முதல் தடவை போட்ட வில்லை தோற்றது. காரணம் என் மெஷின். எத்தனை கழுவினாலும் கற்பூர வாசம் போகவில்லை. கிளியனூரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்சா முகர்ந்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய் அத்தனையையும் சூடத்தட்டில் வைத்துக் கொளுத்திவிட்டாள்.

"எரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"மொத எரியல. எண்ணெ ஊத்தினேன். நல்லா எரிஞ்சுது. என்னா வாசன தெரியுமா, ஊரே வந்து கும்பிட்டுச்சு."

மெஷினை வெந்நீரிலும் சாம்பலிலும் ஒரு வாரம் ஊற வைத்துத் தேய்த்தேன். இரண்டாவது தடவை, தின்ன ருசியாக இருக்கட்டும் என்று பனைவெல்லமும் எள்ளும் சேர்த்து உருண்டையாகவே பிடித்தாள். அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் கோளாறு. அந்த வீட்டில் நன்றாக இருக்கிற எதுவும் அம்சாவின் வாய்க்குப் போகாது. பச்சைமுத்துவின் தட்டில் இரண்டு, அரங்கநாதனின் தட்டில் நாலு. மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு.

அரங்கநாதன் அப்போது போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான். மார்பு அளவு பத்தவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த உருண்டையைத் தின்றுவிட்டு மூன்றாம் முறை போனான். மூச்சை இழுத்தான். இஞ்சு டேப் அறுந்தது. வேலை கிடைத்தது.*

* டேப் பழசு என்று ஒரு கட்சி உண்டு.

மூன்றாவது தடவை, யாரும் பங்கு கேட்காதபடி நிலவேம்பு கலந்து கசப்பாகச் செய்தாள். அம்சா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றையும் வீணாக்காமல் எருமையின் தவிட்டில் கலந்தாள். எருமை பாலைக் கூட்டியது. அந்தப் பாலில் டீ போட்டுக் குடித்த டீக்கடைக்காரர் நரைமுடி கறுத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பார்த்தேன், மை பூசியிருந்தார். ஆனால் எருமை மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிச் சிவப்பு மாத்திரையும் அதே வழிதான். அது செம்பருத்திச் செடிக்குப் போனது. எதிரில் உட்கார்ந்து விழுங்க வைத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நாம் தலை திருப்பியதும் எடுத்துவிடுவாள்.

"நல்ல மாத்திரைடி. எனக்கு எதுக்கு, வீணா" என்பாள்.

தையல்நாயகி என் ஷெட்டில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ஃபார்முலா சரியாத்தான் இருக்குதுண்ணா. நான் அக்காவுக்கு மருந்து செய்யறேன். ஆனா அந்த வூட்டுல அக்கான்னு ஒரு வாயே இல்ல."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் வேண்டும். கதை என்றால் யாராவது கெட்டவனாக இருக்க வேண்டாமா. பச்சைமுத்துவைப் போட்டுப் பார்த்தேன்:

பச்சைமுத்து மீசையை முறுக்கியபடி, மனைவியின் கையில் இருந்த உருண்டையைப் பிடுங்கி—

எழுதும்போதே அவன் வந்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டான். (வந்தான் என்றால், நினைப்பில் வந்தான். அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.)

"இன்னா சுப்பராயலு, நான் எப்ப புடுங்கினேன்? தட்டுல வெச்சா, தின்னேன். வூட்டுல செஞ்ச எதோ பலகாரம்னு நெனச்சேன். அது அவ உசுருக்குன்னு எவன் சொன்னான் எங்கிட்ட?"

"நீ கேக்கலயே."

"தட்டுல இருக்கிறத என்னான்னு கேக்கற ஆம்பளைய நீ பாத்துக்கீறியா? நீ கேப்பியா?"

நான் கேட்டதில்லை. அந்த வில்லன் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். பச்சைமுத்து இந்தக் கதையில் வில்லன் இல்லை. வில்லன் ஒரு தட்டு. அதற்கு மீசை வரைய எனக்குத் தெரியவில்லை.

6

இப்போது வருவதுதான் நான் சொல்ல வந்த இடம்.

ஒரு நாள் தையல்நாயகி முன்னறிவிப்பில்லாமல் கிளியனூருக்குப் போனாள். வீட்டில் அம்சா இல்லை. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போனால், வைக்கோல் போருக்குப் பின்னால் நறுக், நறுக் என்று சத்தம். எலியாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். அம்சா குந்திக்கொண்டு உடைந்த புதுச்சட்டியின் ஓட்டைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். உதட்டில் செம்மண்.

அம்சா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத தையலு. பைத்தியம்னு சொல்லுவாங்க."

"எத்தினி நாளாக்கா?"

"தெரியல. மழ பேஞ்சா வர்ற வாசன கீது பாரு, அது வந்தா வாயி ஊறுது. இருக்க முடியல. ஓடு இல்லன்னா அடுப்பு மண்ணு."

தையல்நாயகிக்கு இது புதிதில்லை. ரத்தம் குறைந்தவர்களுக்கு மண்ணும் பச்சரிசியும் பல்பமும் கேட்கும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததில் இல்லாத ஒரு கேள்வி அவளுக்கு அப்போது தோன்றியது. அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

"இதுல யாருக்காவது பங்கு குடுத்தியாக்கா?"

"இதையா? சீ. வெக்கமா இருக்காது?"

தையல்நாயகி அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் வந்து, மூச்சு வாங்க என் பட்டறையில் நின்றாள்.

"அண்ணா, அக்கா தனியா தின்னற ஒரே பொருள் ஒலகத்துல இருக்குது. நாம ஓடு செய்யணும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னால் செய்வது என்று கை பழகிவிட்டிருந்தது.

திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு சூளையில் இருந்து புதுப்பானைகள் வாங்கி வந்தாள். வெளியே ஈரத்துணி சுற்றி, உள்ளே அந்த மூலிகைப் பொடியைக் கொட்டி மூடி வைத்தாள். பானை தண்ணீரைக் குடித்துவிட்டு மண்வாசத்தை விட்டது. பொடி அதை வாங்கிக்கொண்டது. கேப்பை மாவும் வறுத்த அரிசி மாவும் சேர்த்து, என் அச்சில் தட்டையாக அழுத்தி, மணலில் போட்டு வறுத்து, கையால் கோணல் மாணலாக உடைத்தாள். ஒரு துளி மண் அதில் கிடையாது. நிறம் ஓட்டு நிறம். கடித்தால் நறுக். முகர்ந்தால் மழை.

முதல் முறை முகர்ந்தபோது நான் குடையைத் தேடினேன்.

7

வைக்கோல் போருக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. அதில்தான் அம்சா தன் ஓடுகளை ஒளித்து வைப்பாள். தையல்நாயகி அதையெல்லாம் எடுத்துவிட்டுத் தன் ஓடுகளை வைத்தாள். அடுத்த வாரம் போனால் பொந்து காலி. மறுபடி வைத்தாள். மறுபடி காலி. வாராவாரம் இன்னும் வேகமாகக் காலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையல்நாயகி மட்டும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"ஒரு ஆளு இவ்ளோ தின்ன முடியாதுண்ணா."

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். கொல்லைக்காட்டுக்குப் போய்ப் பார்த்தாள். வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாகக் குந்திச் செடியைப் பிடுங்கி உதறிக்கொண்டிருந்தார்கள். வரிசை முழுக்க நறுக், நறுக். அம்சா மடியில் இருந்து எடுத்து நீட்டிக்கொண்டே போகிறாள். முனியம்மாளுக்கு ஒன்று, குப்பம்மாளுக்கு ஒன்று, சின்னபொண்ணுக்கு ஒன்று.

"அக்கா, வெக்கம்னு சொன்னியே."

"எனக்கு மட்டுந்தான் இந்தப் பொல்லாத பழக்கம்னு நெனச்சுக்கினு இருந்தேன். பாத்தா முனியம்மா சாம்பலு தின்றா. குப்பம்மா செங்கல்லு. அதுக்கு இது தேவலாம்தானே?"

முனியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "செங்கல்லு பல்லுல ஏறுது. இது நல்லா நொறுங்குது."

தையல்நாயகி ரகசியமாகச் சொல்வது போல, "அது ஓடு இல்லக்கா" என்றாள்.

"தெரியும். ஓடு புளிக்குமாடி?"

"எப்பத்துலருந்து தெரியும்?"

"மொத நாளே."

"அப்பறம் ஏன் தின்ன?"

"நீ பொழுதன்னைக்கும் பஸ் ஏறி வந்து, யாருக்கும் தெரியாம பொந்துல கைய வுட்டு வெச்சிட்டுப் போற. பாவமா இருந்துச்சு. தின்னேன்."

(எண்பது வயதில் பல மருந்துகள் விழுங்குகிறேன். ஒரு மருந்து எதனால் வேலை செய்கிறது என்று எவனாவது என்னிடம் கேட்டால் இந்த இடத்தைக் காட்டுவேன்.)

அன்று முதல் அம்சாவுக்கு வேண்டும் என்றால் வரிசைக்கே வேண்டும் என்றாயிற்று. அவளை மாற்ற முடியாது, அளவை மாற்றலாம் என்றாள் தையல்நாயகி. பத்துப் பேருக்குச் செய்தால் அம்சாவுக்கு ஒரு பங்கு நிச்சயம். நான் கற்பூரத்தை நிறுத்தினேன். அந்த ஆடி மாதம் திண்டிவனம் தாலுக்கா சாமிகள் எல்லாம் எண்ணெய் விளக்கிலேயே காலம் தள்ளின. ஒரு சாமியும் குறை சொல்லவில்லை. எல்லோருக்குமாக ஆஸ்பத்திரியில் வாங்கிய சிவப்பு மாத்திரையையும் ஓட்டோடு சேர்த்து வரிசையில் எல்லோரும் ஒன்றாக விழுங்குவது என்று குப்பம்மாள் ஒரு சட்டம் போட்டாள். கன்னத்தில் ஒதுக்கினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். செம்பருத்தி பூப்பதைக் குறைத்துக்கொண்டது.

8

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அம்சாவுக்கு ரத்தம் ஏறி ஏறி, கடித்த கொசுக்கள் எல்லாம் பறக்க முடியாமல் நடந்தே புதுச்சேரி போய்ச் சேர்ந்தன. இது எனக்குப் பிடித்த முடிவு. மருமகள் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு: ரத்தம் ஏறுவதற்குள் கட்டி முந்திக்கொள்கிறது. பொந்தில் யாரும் தொடாத ஓடுகள்— இந்த முடிவை எழுதினால் நல்ல பத்திரிகைகள் போடும் என்று தெரியும். எழுத மாட்டேன். அம்சா சம்பந்தமாக அந்த வாக்கியத்தை முடிக்கிற கை என்னிடம் இல்லை.

மூன்று: நடந்தது.

ஆவணி மாதம், ஆஸ்பத்திரி. அம்சா, தையல்நாயகி, நான். லூர்துமேரி டாக்டரம்மா அம்சாவின் விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தையல்நாயகி உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "பத்தைத் தாண்டிடுச்சு" என்றார். "வர்ற திங்கக்கெழமை சேத்துடுங்க. கட்டிய எடுத்துடலாம்."

அம்சா கும்பிட்டாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தையல்நாயகி சுவரோடு மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இவளைக் கூட்டிட்டு வாங்க உள்ள."

அவள் விரலிலும் குத்தினார்கள். எட்டு.

"நீ செஞ்ச மருந்தை நீ எவ்வளவு சாப்பிட்ட?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தையல்நாயகி தரையைப் பார்த்தாள். ஷெட் முழுக்க வாழைக்காய் அடுக்கியவள், பானையை நனைத்தவள், வாராவாரம் கிளியனூர் பஸ் ஏறியவள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"நான் ஒண்ணு தின்னா அக்காவுக்கு ஒண்ணு கொறையும் டாக்டர்."

அம்சா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைச் சொன்னியேடி" என்றாள். மடியை அவிழ்த்து ஒரு ஓட்டை எடுத்தாள். அந்த வாரத்துக்கு அது ஒன்றுதான் பாக்கி. தங்கையின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"தின்னு."

"உனக்குத் திங்கக்கெழமை ஆபரேசன். நீதான் தின்னணும்."

"எனக்குப் பத்து. உனக்கு எட்டு. கணக்கு தெரிஞ்சவதானே நீ."

"நீ தின்னுக்கா."

"பேஜாரு பண்ணாத. வாயத் தொற."

அம்சா அதை இரண்டாக உடைத்தாள். பெரிய பாதியைத் தங்கை பக்கம் நீட்டினாள். தங்கை சின்னதை எடுக்கப் போனாள். அம்சா சின்னதைப் பின்னால் மறைத்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நோயாளி வந்து, இவர்களைத் தாண்டிப் போனாள்.

நான் எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் இந்த இடத்தில் அந்தப் பாதி ஓடு நடுவில் நிற்கிறது. அம்சாவின் வாயில் வைத்து எழுதினால் தையல்நாயகி தட்டிவிடுகிறாள். தையல்நாயகியின் வாயில் வைத்தால் அவள் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். மூன்று ரஃப் தாளை அடித்துவிட்டேன். எனக்குக் கையும் வலிக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிறவர் ஒரு பெண்ணாக இருந்தால், இந்தாருங்கள், பெரிய பாதி. நீங்கள் வாங்கிக்கொண்டால் அவர்கள் இருவரும் சின்னதையாவது ஆளுக்குக் கொஞ்சம் தின்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முந்தானையில் முடிந்துவைக்கக் கூடாது, வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. நான் பார்க்க, இங்கேயே தின்ன வேண்டும்.

காத்திருக்கிறேன். மெல்லுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பேனாவை மூடுவேன்.